சர்க்கரைத் தண்ணீர்

குழாயைத் திறந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று இருபது. பதினொன்று முப்பத்தைந்து வரை கையை எடுக்கக் கூடாது. பதினாறு வருடங்களாக ஒவ்வொரு ஜனவரியிலும் யூலா கிட்ரி அந்தப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து கொட்டாவி விட்டிருக்கிறாள். குரங்கு கடித்தால் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவு, தேய், நிறுத்தாதே. இப்போது அவளுடைய இடது கையில், சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கையின் விளிம்பில் இரண்டு துளைகள் இருந்தன. ஒன்று ஊசி குத்தியதுபோல. இன்னொன்று ஆழமானது. அதிலிருந்து வந்த ரத்தம் தண்ணீரில் கலந்து வெளிறித் தொட்டியில் சுழன்று இறங்கியது. வலி அவ்வளவாக இல்லை. இருந்தால் தேவலை என்று நினைத்தாள். வலிக்காத இடத்தில் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

“நல்லாத் தேய். உள்ள போற மாதிரி தேய்,” என்றான் அல்சீட். அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளோடு அதே பிரிவில் குரங்குகளைப் பார்த்துக்கொள்பவன், ஐம்பத்தெட்டு வயது. முகத்தை மறைக்கும் பிளாஸ்டிக் கவசத்தைத் தலைக்கு மேலே தள்ளிவிட்டிருந்தான். நெற்றியில் காலைப் பூசையில் பாதிரியார் வைத்த சாம்பல் வியர்வையில் கரைந்து புருவம் வரை வந்திருந்தது. திருநீற்றுப் புதன். அவள் நெற்றியிலும் அதே சாம்பல்தான்.

“யாரு?”

“நானூத்திப் பதினெட்டு.”

“ரூவா? அவன் இப்பல்லாம் சாது மாதிரி இருந்தானே!”

“தட்டை எடுக்கும்போது பிடிச்சிட்டான். கையுறை கிழிஞ்சுபோச்சு.”

தொட்டிக்குப் பக்கத்து மேடையில் அவளுடைய தோல் கையுறைகள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக, முழுசாகக் கிடந்தன. அல்சீட் அவற்றைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் இரண்டையும் எடுத்துச் சிவப்புக் குப்பைக் கூடைக்குள் போட்டு மூடியை அழுத்தினான்.

“டாக்டருக்குச் சொல்லியாச்சு. கார் வருது. உன் அட்டை வெச்சிருக்கியா?”

ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னால் இருந்தது. பதினாறு வருடங்களில் ஒருமுறைகூட வெளியே எடுக்காததால் பர்ஸின் தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இவர் குரங்குகளோடு வேலை செய்பவர், இவருக்குக் காய்ச்சலோ தலைவலியோ மரத்துப்போதலோ இருந்தால் உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடவும் என்று அதில் எழுதியிருந்தது. மருத்துவமனையில் அதை வாங்கிப் பார்த்த டாக்டருக்கு முப்பது வயது இருக்கலாம். “ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டுக் கணினியில் தேடிப் படித்தார். படிக்கப் படிக்க, சக்கரம் வைத்த அவருடைய நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனதை யூலா கவனித்தாள். அவர் கவனித்திருக்க மாட்டார்.

குரங்குகளின் எச்சிலில் இருக்கக்கூடிய ஒரு கிருமிதான் பயம். குரங்குகளுக்கு அது உதட்டுப் புண் மாதிரி, வந்து போய்விடும். மனிதருக்கு அந்தக் கிருமி நரம்பைப் பிடித்துக்கொண்டு ஏறி மூளைக்குப் போகிறது. கடி பட்டவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. வந்து, மருந்தும் எடுக்காமல் இருந்தால் பத்துப் பேரில் மூன்று பேர்கூடத் தேறுவதில்லை. ரூவுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. அதற்குப் பின் எடுக்கவில்லை. யூலாவின் புண்ணிலிருந்தும் ரூவின் வாயிலிருந்தும் எடுத்த மாதிரிகளை வேறு மாநிலத்துக்கு அனுப்பினார்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெரிய நீல மாத்திரை, பதினான்கு நாள். ஒரு மாதம் வரை கண்காணிப்பு. வேலைக்கு வர வேண்டாம்.

போகும் முன் விபத்துப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ‘கையுறை அணிந்திருந்தீர்களா?’ என்ற கேள்விக்கு நேராக ‘ஆம்’ என்ற கட்டத்தில் அவள் குறியிட்டாள். ‘விலங்கைத் தொட முயன்றீர்களா?’ இல்லை. பேனா சரியாக எழுதியது.

அவளுடைய கணவன் எம்மெட் இறால் படகுகளின் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். விஷயம் கேட்டுப் பாதி வேலையில் கிளம்பி வந்தவன், கிரீஸ் கையோடு வாசலில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தான்.

“உன்னைக் கடிச்சதுக்கு அந்தக் குரங்குக்குத்தான் ஊசி போடணும்,” என்றான்.

சிரிக்க வைக்கத்தான் சொன்னான். யூலாவும் சிரிக்க வாயைத் திறந்தாள். ஆனால் அவன் அருகே வந்ததும், “கிட்ட வராத!” என்ற கத்தல்தான் வந்தது. அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

அன்றைக்கே மகள் கொலெட்டின் பழைய அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். தனித் தட்டு, தனித் துண்டு, தனிச் சோப்பு. மனிதரிலிருந்து மனிதருக்கு அது அநேகமாகத் தொற்றாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ‘அநேகமாக’ என்ற சொல்லைத் தாண்டி அவளால் போக முடியவில்லை. ஈஸ்டருக்கு எட்டு மாதக் குழந்தையோடு வருவதாக இருந்த கொலெட்டை வர வேண்டாம் என்று போனில் சொன்னாள். ஏன் ஏன் என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்க, “சொன்னா கேளு, உனக்குப் புத்தியே கிடையாதா” என்று கத்திவிட்டு வைத்தாள். பிறகு நோய்க்குறிகள் அச்சிட்ட தாளை எடுத்து ‘எரிச்சல், குணமாற்றம்’ என்று அதில் எங்காவது இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடினாள்.

“இருபத்திநாலு வருஷமா உன் தட்டுல இருந்து எடுத்துத் தின்னுட்டிருக்கேன்,” என்றான் எம்மெட், மூடிய கதவுக்கு வெளியே நின்று. “இப்ப என்ன புதுசா?”

“போ எம்மெட்.”

“குழம்பும் சோறும் வாசல்ல வெச்சிருக்கேன், ஷா.” அவளைக் கொஞ்சும்போது மட்டும் அவன் அப்படிக் கூப்பிடுவான். “ஆறிடும். எடுத்துக்கோ.”

அவன் காலடி ஓசை சமையலறைக்குப் போகும் வரை அவள் காத்திருந்தாள். அவளுக்கு இருந்த பயம் ஒன்றல்ல என்பது அவனுக்குத் தெரியாது.

ரூவுக்கு ஏழு வயது. மாவை எண்ணெயில் போட்டுப் பொன்னிறம் தாண்டி வறுத்தால் ஒரு நிறம் வருமே, பிறந்தபோது அந்த நிறத்தில் இருந்தான். அந்த ஊரில் எந்தக் குழம்புக்கும் முதலில் அடுப்பில் ஏறுவது அதுதான், அதன் பெயர்தான் ரூ. ஆராய்ச்சிக்காரர்களுக்கு அவன் வெறும் நானூற்றுப் பதினெட்டு. டாக்டர் ஹால்வர்சன் மினசோட்டாவிலிருந்து வந்து ஆராய்ச்சியைத் தொடங்கியபோது பன்னிரண்டு ஆண் குரங்குகளைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனித்தனிக் கூண்டில் வைத்தார்கள். ஒன்று இன்னொன்றைத் தொட முடியாது, பார்க்கவும் முடியாது. ஒரு வருடம். வாரம் இரண்டு முறை கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு குரங்கைக் கொண்டுவந்து வைப்பார்கள். பத்து நிமிடத்தில் எத்தனை முறை பாய்கிறது, எத்தனை முறை பல்லைக் காட்டுகிறது என்று கேமரா எண்ணும். முன்பு கூட்டத்தில் மற்றவர்களுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்த ரூ, ஏழாவது மாதத்தில் கண்ணாடியில் மோதி உதட்டைக் கிழித்துக்கொண்டான்.

ஹால்வர்சன் கெட்டவர் அல்ல. மதியச் சாப்பாட்டு மேசையில் கீழ்மட்ட ஊழியர்களோடு உட்காரும் ஒரே டாக்டர் அவர்தான். ஒருநாள் அல்சீட் கேட்டதற்கு, கையிலிருந்த முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார்.

“மூளைக்குள்ள செரட்டோனின்னு ஒண்ணு இருக்கு. அது போய் உட்கார நாற்காலி மாதிரி சில இடங்கள் உண்டு. ஏற்பின்னு சொல்லுவோம். பல வகை இருக்கு. அதுல ஒரு வகை, கோபம் கிளம்பும்போது ‘கொஞ்சம் பொறு’ன்னு சொல்ற வேலையைச் செய்யுது. ரொம்ப நாள் தனியாவே இருக்கிற மிருகத்துக்கு அந்த இடங்கள்ல என்னமோ மாறுது. எதிர்ல யாராவது வந்தா, பொறுன்னு சொல்ல உள்ள ஆள் இல்ல.”

“மருந்து குடுத்தா?”

“மருந்து போய் அந்த நாற்காலியில உட்காரும். உட்கார்ந்தா போதுமான்னுதான் பார்க்கிறோம்.”

“ஜெயில்ல தனி அறையில போட்டு வெக்கிறாங்களே, அந்த மனுஷனுக்கும் இதே கதைதானா?” என்றான் அல்சீட். அவனுடைய அக்கா மகன் அப்படி இரண்டு வருடம் இருந்து வெளியே வந்தவன்.

ஹால்வர்சன் முட்கரண்டியை மறுபடி கையில் எடுத்தார். “அந்தக் கேள்விக்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன்,” என்றார்.

பத்தாவது மாதத்தில் மருந்து தொடங்கியது. ஆறு குரங்குகளுக்குச் சர்க்கரைத் தண்ணீரில் மருந்து. ஆறுக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீர். எதற்கு எது என்பது அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது.

யூலா ரூவின் கூண்டுக்கு முன்னால் உட்காரத் தொடங்கியதும் அதே சமயத்தில்தான். திட்டம் போட்டுச் செய்ததல்ல. மதியம் கூண்டு கழுவும் இயந்திரம் ஓடும் நேரத்தில் கேமரா இருக்காது, சத்தத்தில் யாரும் வரவும் மாட்டார்கள். ஒருநாள் வாளியைக் கவிழ்த்துப்போட்டு முட்டிவலிக்குக் கொஞ்சம் உட்கார்ந்தாள். அவன் கம்பியோடு வந்து முதுகைச் சாய்த்தான். உணவு கொடுப்பது, கழுவுவது தவிர அவனோடு எந்தத் தொடர்பும் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. அதைப் படித்துக்கொண்டே அவள் கையுறையைக் கழற்றினாள். இரண்டு விரலைக் கம்பிக்கு இடையில் விட்டு, கூட்டத்தில் இருந்தால் இன்னொரு குரங்கு செய்வதுபோல, ரோமத்தை விலக்கி விலக்கிப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அதன் பிறகு தினமும் இருபது நிமிடம். மூன்றே வாரத்தில் அவன் கண்ணாடியில் பாய்வதை விட்டான். மருந்து வேலை செய்கிறது என்று ஹால்வர்சன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. யூலாவும் அப்படித்தான் நம்பினாள். அவன் மருந்துக் குரங்கு, தன்னால் யாருக்கும் கெடுதல் இல்லை.

அப்புறம் தவக்காலத்துக்கு முந்தைய மார்டி க்ரா திருவிழா விடுமுறை. ஐந்து நாள் அவள் வரவில்லை. ஆறாம் நாள், புதன்கிழமை காலையிலேயே, ஆசை தாங்காமல் போய் நின்றாள். ரூ எப்போதும்போலவே முதுகைக் கொண்டுவந்து சாய்த்தான். அவள் விரலை விட்டாள். ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது, அவன் திரும்பினான்.

எட்டாம் நாள் ஹால்வர்சன் வீட்டுக்கே வந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே வரச் சொல்லி எம்மெட் எவ்வளவு கேட்டும் வராமல், கூரைக்குக் கீழே படியிலேயே நின்றார். யூலா வலைக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். ஹால்வர்சன் ஒரு வாரமாகத் தூங்காதவர்போல இருந்தார்.

“உங்க கை எப்படி இருக்கு?”

“இருக்கு.”

“முதல் மாதிரி முடிவு இன்னும் வரலை. வந்ததும் நானே கூப்பிடறேன்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டையும் நனைந்திருந்ததால் அது இன்னும் மங்கியது. “விபத்து நடந்ததால, எதுக்கு மருந்து போகுதுங்கிற ரகசியக் குறியை உடைச்சுப் பார்க்கச் சொன்னாங்க. அவனுக்கு மருந்தே போகலை யூலா. இத்தனை நாளும் வெறும் சர்க்கரைத் தண்ணி.”

மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல யூலா தலையைச் சாய்த்தாள்.

“அப்ப ஏன் அவன் அடங்கினான்னு எனக்குப் புரியலை. காரணமே இல்லாம அடங்கி, காரணமே இல்லாம உங்களைக் கடிச்சிருக்கான். குழுவுல இருக்கிறவங்க அதைத்தான் சொல்றாங்க. எப்ப என்ன செய்வான்னு சொல்ல முடியாத மிருகம்.” வலைக்கதவை நெருங்கினார். “நீங்க வேற எதாவது பார்த்தீங்களா? சத்தம், வெளிச்சம், ஏதாவது?”

சொல்லிவிடலாம் என்று யூலாவின் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. படிவத்தில் இருந்த இரண்டு குறிகளும் ஞாபகத்துக்கு வந்தன. “இல்ல,” என்றாள்.

பன்னிரண்டாம் நாள் இரண்டாவது பரிசோதனைக்காக, சதுப்புக்கு மேலே போகும் நீளப் பாலத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு போனாள். எம்மெட் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று எரிந்து விழுந்திருந்தாள். பாலத்தில் ஏறி ஐந்து மைல் போயிருப்பாள். இடது கைச் சுண்டுவிரலில் எறும்பு ஊர்ந்தது. குனிந்து பார்த்தாள். எறும்பு இல்லை. அடுத்த விரலிலும் ஊர்ந்தது. பிறகு இரண்டு விரலிலும் ஒன்றுமே தெரியவில்லை. சக்கரத்தின்மேல் அழுத்திப் பார்த்தாள், அழுத்தியது தெரியவில்லை.

தாளில் மூன்றாவது வரி அது. ‘காயத்துக்கு அருகே மரத்துப்போதல்.’ அதற்கு அடுத்த வரிகளையும் அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீரில் பட்டுப்போன சைப்ரஸ் மரங்கள், பின்னால் ஒரு லாரி. நிறுத்தினால் லாரி மோதும், நிறுத்தாவிட்டால் கை போய்விடும் என்று தோன்றியது. இது கிருமி ஏறும் வழியா, முழங்கை வரை வந்துவிட்டதா, தோளுக்கு எத்தனை நேரம், கழுத்துக்கு எத்தனை நேரம்? அவள் வாய்விட்டு ஜெபம் சொல்லத் தொடங்கினாள். பாதியில் வார்த்தைகள் மறந்துபோயின. சின்ன வயதிலிருந்து சொல்லும் ஜெபம். மறந்துபோனதும் அந்தத் தாளில் எத்தனையாவது வரி என்று யோசித்தாள். மிச்சப் பாலத்தை எப்படிக் கடந்தாள் என்பது அவளுக்குப் பிறகு நினைவில் இல்லை.

மருத்துவமனையில் ஒரு பருத்த நர்ஸ் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். காயத்தின் மேலிருந்த துணிக்கட்டைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். வெட்டிய கொஞ்ச நேரத்தில் விரல்கள் சிவந்து, சுருக்கென்று வலித்து, உயிர் வந்தன.

“யாரும்மா கட்டினது?”

“நான்தான்.”

“விரலைக் கொல்றதுக்கா கட்டினே? இப்படியா இறுக்குவாங்க!” நர்ஸ் வாய்விட்டுச் சிரித்தாள். “உன் குரங்கைவிட நீ மோசமா இருப்பே போலிருக்கே.”

யூலாவும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்திருப்பாள். யூலா அந்த உயரமான கட்டிலில் உட்கார்ந்தபடியே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முதல் மாதிரியில் கிருமி இல்லை என்ற முடிவு அன்றைக்குத்தான் வந்தது. மூன்றாவது வாரத்து ரத்தத்தையும் பார்த்தால்தான் நிச்சயம் என்று கூடவே சொன்னார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை எம்மெட் அவளைக் கோயில் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். தவக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமைகளில் அங்கே வறுத்த மீன் போடுவார்கள். ஊரே வரும். யூலா உட்கார்ந்த பெஞ்சில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகவே இருந்தது. யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. தூரத்திலிருந்தே கையாட்டினார்கள், எப்படியிருக்கே என்றார்கள், தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள். மீன் வாயில் பஞ்சு மாதிரி இருந்தது.

அல்சீட் மட்டும் தட்டோடு வந்து தோள் இடிக்கும்படி பக்கத்தில் உட்கார்ந்தான்.

“தள்ளி உட்காரு,” என்றாள்.

“நானும் முப்பது வருஷமா குரங்குங்க எச்சில்லதான் குளிக்கிறேன். சும்மா இரு.” ஒரு துண்டு மீனைத் தின்று முடித்தான். குரலைத் தாழ்த்தினான். “அவன் தன்னையே கடிச்சுக்கிறான் யூலா.”

அவள் திரும்பவில்லை.

“முன்னங்கையில. நேத்து ரோமம் எல்லாம் போய்த் தோல் தெரியுது. இன்னிக்குச் சதை. நான் போய் நின்னா நிறுத்தறான். திரும்பினா மறுபடி கடிக்கிறான். மதியம் அந்த மெஷின் ஓட ஆரம்பிச்சதும் எழுந்து வந்து கம்பிகிட்ட முதுகைக் காட்டிட்டு உட்கார்றான். மெஷின் நிக்கிற வரைக்கும் அப்படியே இருக்கான்.”

“எங்கிட்ட ஏன் சொல்றே?”

“புதன்கிழமை குழு கூடுது. ஊசி போட்டுக் கொன்னுடலாம்னு பேச்சு.” அவன் கையைத் துடைத்துக்கொண்டான். “உங்கிட்ட நான் எதுவும் கேக்கலை. கேக்கவும் மாட்டேன். அந்தக் கையுறை குப்பையோட போயாச்சு. நீ சொல்லாட்டி யாருக்கும் தெரியாது.”

அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் எம்மெட்டிடம்கூடச் சொல்லாமல் வீட்டுக்குள் நடந்தாள். வேலை போனால் என்ன ஆகும் என்பது தெரியும். அந்த வயதில், அந்த ஊரில், கரும்பாலைக்கும் இறால் ஷெட்டுக்கும் வெளியே அவளை யார் எடுப்பார்கள்? பொய்க் கையெழுத்துக்கு வழக்குப் போடுவார்களா? பத்திரிகையில் பெயர் வருமா? ஒவ்வொரு பயத்தையும் எடுத்து எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் கீழே, கம்பியில் முதுகைச் சாய்த்தபடி ஒரு வருடத்துக்கு மேலாகத் தனியே இருப்பவன் இருந்தான்.

திங்கள் காலை எட்டரை மணிக்கு ஹால்வர்சனின் அறையில், மேசைக்கு எதிரே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வாளி, இருபது நிமிடம், கழற்றிய கையுறை, ஐந்து நாள் விடுப்பு, படிவம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. முட்டியை மேசைக் காலோடு அழுத்திக்கொண்டாள்.

ஹால்வர்சனின் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது.

“நாப்பது நாளுக்கு மேல.”

“ஆமா.”

“அவனோட கணக்கு முழுசும் போச்சு. ஒருவேளை மத்தவங்களோடதும். மத்தவங்ககிட்டயும் உட்கார்ந்தீங்களான்னு எங்கிட்ட கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?”

“அவன்கிட்ட மட்டும்தான். கோயில்ல வெச்சுக்கூடச் சொல்றேன்.”

“மூணு வருஷம்,” என்றார் ஹால்வர்சன். எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கரும்பு வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பாமலே பேசினார். “எனக்குப் பெரிய கண்டுபிடிப்பைக் குடுத்துட்டதா நினைச்சுடாதீங்க யூலா. ஒரு குரங்கு, ஒரு மனுஷி. அது ஆதாரம் இல்ல. வெறும் கதை.”

“நான் எதுவும் நினைக்கலை டாக்டர். அவனைக் கொல்லாதீங்க. அவன் சும்மா கடிக்கலை. நான் போனேன், வரலை, திரும்ப வந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி விரலை நீட்டினேன். அவ்வளவுதான்.”

ஹால்வர்சன் திரும்பினார். கண் நனைந்திருந்தது. அது கோபத்தினாலா வேறெதனாலா என்று யூலாவுக்குப் பிடிபடவில்லை. “வெளிய உட்காருங்க. இதையெல்லாம் எழுதித் தரணும். ஒரு வார்த்தை விடாம.”

குரங்குப் பிரிவுக்குள் அவள் நுழையக் கூடாது என்றார்கள். கண்காணிப்பு மாதம் முடிந்ததும், விசாரணை முடியும் வரை கூண்டுகளும் தண்ணீர்ப் புட்டிகளும் கழுவும் அறையில் வேலை. அதற்கு அப்புறம் என்ன என்று யாரும் சொல்லவில்லை. புதன்கிழமை குழு கூடி நான்கு மணி நேரம் பேசியது. கடைசியில், ரூவை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டு, ஒரே ஒருமுறை இன்னொரு குரங்கோடு துணை சேர்த்துப் பார்ப்பது, அதிலும் கடித்தால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை என்று முடிவானது. மூன்றாவது வாரத்து ரத்தத்திலும் யூலாவுக்குக் கிருமி இல்லை. அந்தச் செய்தி வந்தபோது எம்மெட் அவளைத் தூக்கிச் சுற்றினான். அவள் அவன் தோளைத் தட்டி இறக்கிவிடச் சொன்னாள். ரூவின் கதை இன்னும் முடியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தின் செவ்வாய்க்கிழமை மதியம் ஹால்வர்சன் கழுவும் அறைக்கு வந்தார். “உள்ள வர முடியாது. கதவுக் கண்ணாடி வழியாப் பார்க்கலாம்,” என்றார்.

துணைக்குத் தேர்ந்தெடுத்தது ஓபல் என்ற கிழட்டுப் பெண் குரங்கை. இருபத்திரண்டு வயது, கோரைப்பல் இரண்டும் போனவள், எத்தனையோ குட்டிகளைப் பார்த்தவள். பத்து நாளாக இரண்டு பேரையும் கம்பித் தடுப்புக்கு இருபுறமும் வைத்திருந்தார்கள். முதல் மூன்று நாள் ரூ தடுப்பில் பாய்ந்தான். அப்புறம் பாயவில்லை. நெருங்கவும் இல்லை. அவள் எடை அவனில் பாதி. அவன் பல் கழுத்தில் இறங்கினால் அல்சீட்டின் கையிலிருக்கும் தண்ணீர்க் குழாய் வேலை செய்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

யூலா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்க, சட்டைக் கையால் துடைத்தாள். உள்ளே ஹால்வர்சன் சுவரோடு ஒட்டி நின்றார். அல்சீட் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக் கால்களை அகட்டிக்கொண்டான். ரூவின் முன்னங்கையில் புண் காய்ந்து கறுத்திருந்தது. தடுப்பை இழுத்தார்கள். அதன் ஓசை கதவைத் தாண்டி அவளுக்குக் கேட்டது.

ரூவின் தோள் ரோமம் முழுதும் சிலிர்த்து எழுந்தது. வாயைத் திறந்து பல்லைக் காட்டினான். ஓபல் அவன் பக்கம் பார்க்கவே இல்லை. நாலு காலில் மெதுவாக அவன் பகுதிக்குள் வந்து, அவன் தொடாமல் போட்டிருந்த ஆரஞ்சுத் துண்டை எடுத்துக்கொண்டு, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். உரிக்கத் தொடங்கினாள்.

ரூவின் கை பாய்ந்தது. அவள் வாலைப் பிடித்தான்.

ஹால்வர்சன் வாயைப் பொத்திக்கொண்டார். அல்சீட் குழாயை உயர்த்தினான், விரல் விசையில். யூலா கண்ணாடியில் அறைந்தாள். “வேண்டாம், வேண்டாம்” என்று அவள் சொன்னது ரூவிடமா அல்சீட்டிடமா என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளே யாருக்கும் அது கேட்டிருக்காது.

ரூ இழுக்கவில்லை. கடிக்கவில்லை. விடவும் இல்லை. எழுந்த ரோமத்தோடு, திறந்த வாயோடு, முழங்கை நடுங்க, அந்த வாலைக் கைமுஷ்டிக்குள் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஓபல் ஒரு சுளையைப் பிய்த்து வாயில் போட்டு, கோரைப்பல் இல்லாத வாயால் நிதானமாக மென்றுகொண்டிருந்தாள்.